கழுத்துவரை ஃப்ளோரன்ஸ்

சாந்தோம் பெரிய கோயிலுக்குப் பின்னால், கடற்காற்றில் தாழ்ப்பாள்கள் எல்லாம் துருவேறிக் கிடக்கும் ஒரு சந்தில், ஃப்ளோரன்ஸ் என்று ஒருத்தி குடியிருந்தாள். நாற்பதைத் தொட்டவள். சின்ன வயதில் அம்மை வார்த்து, கன்னங்கள் தூறல் விழுந்த மணல் மாதிரி இருக்கும். கண்கள் மட்டும் பெரியவை. எதிரில் நிற்பவன் பொய் சொன்னால் வார்த்தை பாதி வெளியே வருவதற்குள் அந்தக் கண்களைப் பார்த்து மீதியை விழுங்கிவிடுவான். அப்படிப்பட்ட முகத்துக்கு, இத்தனை வருஷம் மூக்கும் முழியுமாக நடமாடியும், உலகத்தில் ஒரு படம்கூடக் கிடையாது.

எடுக்காமல் இல்லை. கல்யாணத்தன்று எடுத்தார்கள். "தலையைக் குனிடி" என்று அவள் அம்மா பின்னால் நின்று இடுப்பில் கிள்ளிய கிள்ளில், படத்தில் விழுந்தது வெள்ளை முக்காடும் நேர்வகிடும்தான். பக்கத்தில் மாப்பிள்ளை மட்டும் முறுக்கிய மீசையோடு, வைஸ்ராய்க்கு மச்சான் மாதிரி நிமிர்ந்து நின்றார். பிறகு மாதா சபைப் பெண்களை ஒரு திருநாளில் கும்பலாக நிற்கவைத்து எடுத்தார்கள். முன்வரிசையில் சபைத் தலைவி. அந்த அம்மாள் ரிக்‌ஷாவில் ஏறினால் இழுப்பவன் பிடித்த ஏர்க்காலோடு ஆகாயத்தில் போய்த் தொங்குவான். அவளுக்குப் பின்னால் நின்ற ஃப்ளோரன்ஸின் ஒரு காது மட்டும் தெரிந்தது. அதையும் தங்கை லூயிசா, "அது உன் காது இல்லக்கா, தூணோட முனை" என்று சாதித்துவிட்டாள்.

பிள்ளைகுட்டியும் இல்லை. "நான் போயிட்டா, இது ஃப்ளோரன்ஸோட மூக்குன்னு சொல்லிக் காட்ட ஒரு பொடிசுகூட மிஞ்சாது லூயிசா" என்று அவள் ஒருதரம் பூசை முடிந்து வரும் வழியில் சொன்னாள். அழுகைக் குரலில் சொல்லவில்லை. உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுடைய புருஷன் படம் போடுகிறவர்.

ராஜநாயகம் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். படம் போடுகிறவர் என்று சொன்னது அவர் சொல்லிக்கொள்வதை வைத்துத்தான். அவர் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு விஷயம்: முகம் வரைய வேண்டுமானால் முதலில் ஒரு முட்டை போடு, முட்டைக்கு நடுவே நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு, குறுக்குக் கோட்டில் கண், நெடுக்குக் கோட்டில் மூக்கு. அந்த ஊரில் பாதி வக்கீல்களும் குமாஸ்தாக்களும் அவரிடம் முட்டை போட்டுப் பழகியவர்கள். அவர்களில் ஒருவருக்காவது முட்டையிலிருந்து குஞ்சு வெளிவந்ததாகத் தகவல் இல்லை. இருந்தாலும் மாஸ்டர் வெல்வெட் குல்லாய் வைத்துக்கொண்டுதான் தெருவில் போவார். எதைக் கண்டாலும் ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி அளவு எடுப்பார். ஒருநாள் குப்பத்திலிருந்து வரும் மீன்காரியை அப்படி அளக்கப் போக, அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னா மாஸ்டரு, மீனு வாங்க வந்தியா, கட்டவெரல காட்டிக்கினு நிக்க வந்தியா?" என்று கேட்டாள். மாஸ்டர் அதைக் கலை தெரியாத ஜனங்களின் கணக்கில் எழுதிக்கொண்டார். அந்தக் கணக்கில் ஏற்கெனவே சென்னப்பட்டணம் முழுவதும் இருந்தது.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவன் வராத ஏமாற்றத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்திருந்த சமயம். ஓடிப்போன ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. மற்றவர்கள் நாற்காலியும் பீங்கானும் எடுத்து வந்தார்கள். ராஜநாயகம் ஒரு தடிப் புத்தகம் எடுத்து வந்தார். ஹாலந்து தேசத்துப் படங்கள். ஒருத்தி பாத்திரம் விளக்குகிறாள், ஒருத்தி ஜன்னலோரம் துணி தைக்கிறாள், ஒருத்தி கிழங்கு உரிக்கிறாள். எல்லாம் வீட்டுக்குள்ளே, எல்லாம் பெண்பிள்ளைகள், எல்லோர் மேலும் ஜன்னல் வெளிச்சம். மாஸ்டர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் தடவையாகச் சமையலறைக்குள் கால் வைத்தார்.

உள்ளே வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நம்ம வீட்டுல இப்படி ஒரு எடம் இருக்குதா" என்றார்.

அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது. சமையலறையில் ஒரு பெண் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிறாள்: அதுதான் படம். உட்கார்ந்த ஆளுயரத் துணியில், எண்ணெய்ச் சாயத்தில். "உள்ளதை உள்ளபடி" என்பது தத்துவம். அதைச் சொல்லும்போதெல்லாம் மாஸ்டர் பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது மணி அடித்த மாதிரி தலை தாழ்த்துவார். பெண் யார்? வேறு யார் வந்து அந்தப் புகையில் குந்துவார்கள்? ஃப்ளோரன்ஸ்தான்.

ஃப்ளோரன்ஸுக்கு உள்ளுக்குள் ஏதோ விளக்கேற்றின மாதிரி ஆகிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் போட்டு, முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். மாஸ்டர் பார்த்துவிட்டு, பழைய நூல்புடவையைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னார்; முழங்காலில் ஒட்டுப்போட்ட புடவை இருக்கிறதே, அது. அவள் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். தலையைக் குனியச் சொன்னார். குனிந்தாள்.

"முகம் நல்லா வருங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"முகம் கடைசியிலதான். முதல்ல முறம்" என்றார் மாஸ்டர்.

உள்ளதை உள்ளபடி என்றாரா, முதல் வேலையாக உள்ளதையெல்லாம் வெளியே கடத்தினார். மண்ணெண்ணெய் டின் அவலட்சணம் என்று கொல்லைக்குப் போயிற்று. கரிபிடித்த சட்டி போயிற்று. கருவாட்டுக் கோவை போயிற்று. கூடத்தில் அழகுக்கு வைத்திருந்த வெண்கலப் பானை உள்ளே வந்தது. அடுப்பு இருக்கும் இடத்தில் வெளிச்சம் விழவில்லை என்று கொத்தனை அழைத்து அடுப்பையே இடித்து ஜன்னலடிக்கு மாற்றினார். அங்கே மூட்டினால் கடற்காற்று தீயை அடுப்பில் நிற்கவிடாமல் தெருவுக்கு அழைத்துக்கொண்டு போய்விடும். ஆகையால் மூட்டவே இல்லை. படத்தில் எரியும் அடுப்பை நனவில் அணைத்துவைத்தாயிற்று. 'சமையலறையில் ஒரு பெண்' என்ற படம் முடியும்வரை அந்த வீட்டுச் சமையலறையில் சமையல் கிடையாது. லூயிசா வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் சோறு வந்தது. அதை மாஸ்டர், நாட்டுக்காக உபவாசம் இருப்பவர் மாதிரி ஒரு முகத்தோடு, இரண்டாம் தரம் போடச்சொல்லிச் சாப்பிடுவார்.

அரிசியும் அப்படித்தான். ரேஷன் வந்து, ஊரில் அரிசிக்கு அடிதடி நடந்த காலம். முறத்தில் கொட்டிய அரிசியைத் தொடக்கூடாது. குவியல் மாறினால் நிழல் மாறும். ஃப்ளோரன்ஸ் பழக்கத்தில் ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டாள். மாஸ்டர் தூரிகையை வீசிவிட்டு, அந்தக் கல்லைத் தேடி நாலு காலில் தரையெல்லாம் தவழ்ந்து, கண்டுபிடித்து, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். "பொறுக்குற மாதிரி இரு. பொறுக்காதே" என்றார். முறத்துப் பக்கத்தில் வைத்த நான்கு கத்தரிக்காய்களின் கதையோ இன்னும் பெரிது. அவை வதங்கி, சுருங்கி, முடிவில் முதுகுத் தண்டு வளைந்த கிழவர்கள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துவிட்டன. ஒன்றிலிருந்து புழு ஒன்று எட்டிப் பார்த்து, மாஸ்டர் வரைவதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, இது வேலைக்கு ஆகாது என்று உள்ளே போய்விட்டதாக லூயிசா சந்து முழுவதும் சொல்லிவைத்தாள். எலிகள்கூட அவர் தூரிகையை எடுத்தால் அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டன என்பதும் அவள் வாய்ச்சரக்குத்தான். முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தச் சந்தில் எல்லோர் கழுத்திலும் உத்தரியம் உண்டு. இரண்டு சின்னக் கம்பளித் துண்டுகள், காவிப் பழுப்பில். நாடாவில் கோத்து, ஒன்று மார்பிலும் ஒன்று முதுகிலுமாக விழும்படி போட்டுக்கொள்வது. சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளில் கழுத்தில் ஏறினால், நைந்துபோய்ப் புதிது மாற்றும்போது தவிர இறங்காது. சவப்பெட்டிக்குள் வைத்து ஆணி அடிக்கும்போதும் அதோடுதான். வெளியே தெரியாமல் ரவிக்கைக்குள் கிடக்கும். ஆனால் நாளெல்லாம் முறத்தின்மேல் குனிந்தே உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஃப்ளோரன்ஸின் உத்தரியம் நழுவி வெளியே வந்து, மார்புக்கு முன்னால் தொங்கியது. அவள் உள்ளே தள்ளப் போனாள்.

"கையை அசைக்காதே. தொங்கட்டும். அந்தப் பழுப்பு எனக்கு வேணும்" என்றார் மாஸ்டர்.

தொங்கியது.

முழங்கால் மரத்துப்போகும். கழுத்து வலிக்கும். ஈ ஒன்று வந்து மூக்கில் உட்காரும்; ஓட்டக்கூடாது. ஃப்ளோரன்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். துணியை அவளுக்குக் காட்டுவதில்லை. முடியாத படத்தை மாதிரியாக இருப்பவள் பார்த்தால் அவளுக்கு நடிப்பு வந்துவிடுமாம். வேலை முடிந்ததும் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துப் போர்வை போட்டுவிடுவார். சாயம் குழைப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் நினைத்துக்கொள்வாள்: இன்றைக்கு முறத்தை முடித்துவிடுவார், நாளைக்குக் கையை, பிறகு என் முகம். தழும்போடு வரட்டும், பரவாயில்லை. வரட்டும்.

அந்த நேரத்தில்தான் தனபாலன் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். தியாகராய நகரில் நகைக்கடை. கடைக்கு ராஜநாயகம் பெயர்ப்பலகை எழுதிக்கொடுத்திருந்தார். இப்போது அதே தியாகராய நகரில் மாடி வைத்துப் பங்களா கட்டி, கூடத்தில் ஆறடிச் சுவர் காலியாக இருக்கிறது, மாட்ட ஏதாவது வேண்டும் என்று வந்தார். ஃப்ளோரன்ஸ் கோயிலுக்குப் போயிருந்த நேரம். அவள் திரும்பி வரும்போது கார் சந்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் வாசலில் குல்லாயைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

படம் தியாகராய நகர்ப் பங்களாவுக்குப் போகப்போகிறது என்றார். கூடத்து நடுச்சுவர். பால் காய்ச்சுகிற அன்றைக்குத் திரைபோட்டு மூடி, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் திறக்கப்போகிறார்கள். இனிமேல் அவள் உட்கார வேண்டியதில்லை. மீதியை அவர் தனியாக முடித்துக்கொள்வார்.

"முகம்?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார் மாஸ்டர், வேறெங்கேயோ பார்த்துக்கொண்டு.

அந்தப் பெரிய கண்கள் அன்றைக்கு எங்கே போயிருந்தன என்று தெரியவில்லை. சந்தோஷத்தில் மனுஷிக்குப் பார்வை மங்கும் போலிருக்கிறது. அத்தனை வருஷம் கூடவே இருந்த முகம், பார்க்காமலே வரைந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. மாஸ்டர் முன்கூட்டியே போய்விட்டார். ஃப்ளோரன்ஸ் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு லூயிசாவோடு ரிக்‌ஷாவில் போனாள். வழி நெடுக, எல்லோரும் திரும்பிப் பார்த்தால் நான் எங்கே நிற்பது, சிரிப்பதா வேண்டாமா என்பதே பேச்சு. லூயிசா, படத்துக்கு நேர் கீழே போய் நின்றுகொள், ஒத்துப்பார்க்க வசதி என்றாள்.

பங்களாக் கூடத்தில் சுவர் தெரியாத கூட்டம். வாழைமரமும் மாவிலையும் நாகஸ்வரமும் பட்டுப் பளபளப்பும். தனபாலனின் மனைவி தங்கபுஷ்பம் வைரத்தோடும் வைர மூக்குத்தியுமாகத் திரைக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்து நின்றாள். சமையலறை அந்த வீட்டில் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளைக் கேட்டால் சமையற்காரனைத்தான் கேட்டுச் சொல்வாள். ஆனாலும் அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம், என்னதான் வசதி வந்தாலும் விடிந்ததும் நானே முறத்தை எடுத்து உட்கார்ந்தால்தான் எனக்கு மனசு ஆறும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஃப்ளோரன்ஸுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று விளங்கவில்லை.

திரை விலகியது.

வெண்கலப் பானை இருந்தது. கத்தரிக்காய்கள் இருந்தன, வதங்குவதற்கு முந்திய வடிவில். முறம் இருந்தது, அதன்மேல் ஃப்ளோரன்ஸின் இரண்டு கைகள் இருந்தன. இடது சுண்டுவிரலில் கொதிகஞ்சி பட்ட தழும்பு உட்பட. முழங்காலில் அவள் தைத்த ஒட்டு இருந்தது, கோணிப்போன ஒரு தையலோடு. கழுத்துவரை ஃப்ளோரன்ஸ். கழுத்துக்கு மேலே தங்கபுஷ்பம். குங்குமம், மூக்குத்தி, தோடு, போட்டோ எடுக்க உட்கார்ந்த அரைச்சிரிப்பு. சமையலறைத் தரையில் உட்கார மாட்டேன் என்று போட்டோவைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்; அதைப் பார்த்து மாஸ்டர் ஒட்டவைத்திருக்கிறார். குனிந்த உடம்பில் நிமிர்ந்த தலை. பெண் அரிசியைப் பார்க்கவில்லை; கடைக்கு வந்த வாடிக்கைக்காரரைப் பார்க்கிறாள்.

லூயிசா அக்காவின் கையைப் பிடித்தாள். ஃப்ளோரன்ஸ் படத்துக்கு நேர் கீழே போய் நிற்கவில்லை. வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

கூட்டம் ஆகா ஆகா என்றது. உயிரோட்டம் என்றது. அசலே தோற்றது என்றது. அசல் பக்கத்திலேயே தோடு ஆட நின்றுகொண்டிருந்தது. அப்போது தனபாலனின் தாயார் பேச்சியம்மாளை இரண்டு பேர் தாங்கி அழைத்துவந்து படத்தின் முன்னால் நிறுத்தினார்கள். கடலோரத்து ஊரில் பிறந்து வளர்ந்தவள். கண்ணை இடுக்கிக்கொண்டு மேலிருந்து கீழாக ஒருதரம், கீழிருந்து மேலாக ஒருதரம் பார்த்தாள்.

"ஏலே தனபாலா, ஒம் பொண்டாட்டி எப்பம்லே வேதத்துல சேந்தா?"

நாகஸ்வரக்காரர் தாமாகவே நிறுத்திவிட்டார்.

கிழவியின் விரல் படத்தின் மார்பைக் காட்டியது. தங்கபுஷ்பத்தின் முகத்துக்குக் கீழே, தங்கபுஷ்பத்தின் அட்டிகைக்கு அடியிலிருந்து, உத்தரியம் தொங்கிக்கொண்டிருந்தது. நாடா, பழுப்புத் துண்டு, துண்டின்மேல் மாதா படம், எல்லாம் உள்ளது உள்ளபடி. எங்கள் ஊரில் கடற்கரைக்குப் போனால் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரப் பெண்கள் எல்லோர் கழுத்திலும் இது கிடக்கும், எனக்கா தெரியாது என்றாள் கிழவி. கூட்டம் தங்கபுஷ்பத்தின் கழுத்தைப் பார்த்தது. படத்தின் கழுத்தைப் பார்த்தது. இரண்டு சம்பந்தி வீட்டார் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"அத்தை, அது நான் இல்ல. நான் என்னைக்கு மொறத்தைத் தொட்டேன்? அரிசியில கல்லு இருக்கும்னே எனக்குத் தெரியாது" என்றாள் தங்கபுஷ்பம். அரைமணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்த பெருமையை அதே வாயால் துடைத்துக்கொண்டாள்.

தனபாலன் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "என்னவே மாஸ்டரே, இது என்னது?"

மாஸ்டர் குல்லாயைக் கழற்றிக்கொண்டு படத்தருகே போனார். ஒரு கண்ணை மூடினார். கட்டைவிரலை நிமிர்த்தினார். எங்கே தப்பு என்று உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. குங்குமம் வைத்தாயிற்று, மூக்குத்தி வைத்தாயிற்று, தாலியை மறைத்து அட்டிகை போட்டாயிற்று. உத்தரியமா? அவர் தாயார் கழுத்தில் அது இருந்தது, அவர் கழுத்திலும் இருக்கிறது. பிறந்தது முதல் அவர் பார்த்த கழுத்தெல்லாம் உத்தரியம் போட்ட கழுத்து. தோள்பட்டைக்கு எலும்பு மாதிரி கழுத்துக்கு அது.

"கழுத்துதானுங்களே" என்றார்.

வாசல்வரை போன ஃப்ளோரன்ஸ் திரும்பி வந்தாள். கூட்டம் வழிவிட்டது. அவள் தனபாலனைப் பார்க்கவில்லை, கிழவியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அது என்னோடதுங்கம்மா. கழுத்து என்னோடது. கை என்னோடது. பொடவையில ஒட்டு நான் போட்டது. மூஞ்சி மட்டுந்தான் உங்க வீட்டுது."

பேச்சியம்மாள் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். இடது கையை எடுத்துச் சுண்டுவிரலைத் திருப்பிப் பார்த்தாள். "ஆமாடி" என்றாள்.

திரும்பும்போது ரிக்‌ஷாவுக்குப் பக்கத்தில் மாஸ்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். தனபாலனுக்குக் கலை தெரியாது என்றார். கிழவிக்குத் தெரியாது என்றார். உத்தரியத்தின்மேல் ஒரு கை சாயம் பூசித் தருகிறேன் என்றும் அவர்கள் கேட்கவில்லை என்றார். பனகல் பார்க் தாண்டியதும், "மூஞ்சிங்கறது அதுல ஒரு சின்ன எடம்தானே ஃப்ளோரி. உள்ளங்கை அளவு" என்றார்.

லூயிசா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஃப்ளோரன்ஸ் அவள் தொடையை அழுத்தினாள்.

படம் மறுநாளே மாட்டுவண்டியில், போன போர்வையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. மாஸ்டர் அதைச் சமையலறைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, உலகத்தின் மேல் வருத்தப்பட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்.

ஃப்ளோரன்ஸுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. கோபத்துக்கு ஆளாகவும் ஒரு தகுதி வேண்டுமே. ஆனால் ஒரு நினைப்பு விடவில்லை. இத்தனை நாள் குனிந்து உட்கார்ந்திருக்கிறோம். தனபாலன் கார் வருவதற்கு முன்னாலேயே முகத்தையும் போட்டிருப்பார். போட்டு முடித்த முகத்தின் மேல்தானே இந்தத் தளுக்கைப் பூசியிருக்க வேண்டும்? அப்படியானால் அடியில் நான் இருப்பேன். சுரண்டினால் வருவேன்.

சாயம் கரைக்கும் தர்ப்பெண்டைன் புட்டியை எடுத்தாள். பழைய துணியைச் சுருட்டினாள். தங்கபுஷ்பத்தின் குங்குமம் முதலில் கரைந்து மூக்கில் ஓடியது. மூக்குத்தி போயிற்று. அரைச்சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. காய்ந்த இடங்களைக் கத்தி முனையால் சுரண்டினாள், மீன் செதில் எடுக்கிற பதத்தில். லூயிசா சோற்றுச் சட்டியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

துணியின் நிறம் தெரிந்தது. ஃப்ளோரன்ஸ் கையை நிறுத்தினாள்.

அடியில் ஒரு முட்டை. கரிக்கோட்டில் ஒரு முட்டை, நடுவே நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு.

கண் இல்லை, மூக்கு இல்லை, தழும்பு இல்லை. மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் போடும் அதே முட்டை. கத்தரிக்காய்க்குப் பதினைந்து நிறம் குழைத்தவர், கல்லைத் தேடித் தவழ்ந்தவர், இருந்த ஒரு முகத்துக்கு முட்டையைப் போட்டுவிட்டு, அதற்குமேல் என்ன போடுவது என்று தெரியாமல் நாளை நாளை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். தனபாலன் வந்தது அவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்.

ஃப்ளோரன்ஸ் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். பிறகு சிரித்தாள். லூயிசா பயந்துபோனாள், அக்கா அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை.

"இவர் என்னைப் பாக்கவே இல்லடி" என்றாள் ஃப்ளோரன்ஸ். "கிழிசலைப் பாத்தாரு. பானையைப் பாத்தாரு. நான் என்னவோ இவருக்கு என் மூஞ்சியைப் பாக்கக் கூச்சம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

பிறகு சுத்தியை எடுத்தாள். விமான எச்சரிக்கைக்காரர்கள் வாரம் தவறாமல் வந்து, உங்கள் சமையலறை ஜன்னலில் ராத்திரி வெளிச்சம் கசிகிறது, குண்டு போட வருகிறவனுக்குத் தெரியும், மறையுங்கள் என்று மிரட்டிவிட்டுப் போவார்கள். கறுப்புக் காகிதம் கிடைக்கிறபாடில்லை. படம் ஜன்னலுக்கு அளவெடுத்தது போல் இருந்தது. சாயம் பூசிய பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி, நாலு மூலையிலும் ஆணி அடித்தாள். மாஸ்டரின் சாயம் முதல் தடவையாக ஒரு காரியத்துக்கு உதவியது. அத்தனை தடிப்பு, ஊசி முனை வெளிச்சம்கூட அதில் நுழையாது. கடற்காற்றும் நின்றது. நின்றதும் ஃப்ளோரன்ஸ் ஜன்னலடி அடுப்பில் தீ மூட்டினாள். முறத்து அரிசியில் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு உலையில் போட்டாள்.

முதலில் பார்த்தவள் மீன்காரி. "இன்னாம்மா இது, ஜன்னலாண்ட தலயில்லாத பொம்பள ஒர்த்தி குந்திக்கினு கீறா" என்றாள். எங்கள் வீட்டுக்காரர் போட்டது என்றாள் ஃப்ளோரன்ஸ். மீன்காரிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சாயங்காலம் மாஸ்டர் சந்துக்குள் நுழைந்தவர், ஜன்னலைப் பார்த்துச் சிலையாக நின்றார். முகம் இருந்த இடத்தில் தாம் போட்ட முட்டை ஊருக்கெல்லாம் தெரிவதைப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று லூயிசா கதவிடுக்கில் காத்திருந்தாள்.

"வெயில்ல கலர் போயிடுமே" என்றார்.

அந்த வார்த்தையோடு ஃப்ளோரன்ஸின் மனசில் கடைசியாக மிச்சமிருந்த ஏதோ ஒன்றும் கழன்று விழுந்தது. அவளுக்கு இலேசாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டாள். பவுடர் போடவில்லை. உத்தரியத்தை உள்ளே தள்ளி ஊசி குத்திக்கொண்டாள். லஸ் முனையில் அக்பர் பாஷா என்பவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கூடவே வருகிறேன், வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று அந்த ஆளுக்கு நான் சொல்கிறேன் என்று மாஸ்டர் குல்லாயை எடுத்தார். கஞ்சி வடிக்க வேண்டும், வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டு, கரித்துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கரித்துணி எதற்கு என்று மாஸ்டருக்கு விளங்கவேயில்லை.

ஸ்டுடியோவில் பின்னால் ஏரியும் கோட்டையும் வரைந்த திரை தொங்கியது. அதைச் சுருட்டச் சொன்னாள். வெறும் சுவர் போதும் என்றாள். பாஷா பணிவான மனுஷர். குடும்பப் பெண்களுக்குக் கையில் ஒரு புத்தகமோ பூச்சாடியோ இருந்தால் பாந்தமாக இருக்கும் என்று ஒரு காகித ரோஜாவை நீட்டினார். அதையும் மறுத்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டும் சும்மா இருந்தன. அவள் கைகள் சும்மா இருந்ததை லூயிசா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பாஷா கறுப்புத் துணிக்குள் போனார். "அம்மா, தலையைக் கொஞ்சம் குனியுங்க."

"குனிஞ்சதெல்லாம் ஏற்கெனவே ஆயிடுச்சு. இப்படியே எடுங்க" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

துணிக்குள்ளிருந்து அந்தக் கண்களைப் பார்த்த பாஷா, மறுபேச்சில்லாமல் எடுத்தார்.

படம் வந்தது. தழும்பெல்லாம் இருந்தது, மூக்கு இருந்தது, இரண்டு காதும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தன. ஃப்ளோரன்ஸ் அதைச் சட்டம் போட்டு, கூடத்தில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாள். மாஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அதன் முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். ஒரு கண்ணை மூடினார். கையை நீட்டினார்.

"ஃப்ளோரி, உனக்கு இவ்வளவு பெரிய கண்ணா?"

அவள் குழம்புச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"கட்டவெரலை மடக்கிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள்.